செடியோடு வந்தவை

நுழையும்முன்

சொந்த ஊருக்குச் சென்று திரும்புவோரின் பைகளில் அரிசியும் முறுக்கும் மட்டும் இருப்பதில்லை. ஈரத்துணியில் சுற்றிய செடிக்குச்சிகளும் இருப்பதுண்டு. வேரில்லாத அக்குச்சி புதிய ஊரில் எவ்வாறு வேர்விடுகிறது? அதனோடு நாம் அறியாமலே வேறு எவை பயணம் செய்கின்றன? இப்பாடத்தைப் படித்து அறிவோம்.

வாசலில் நின்ற செடி

தைப்பொங்கல் விடுமுறை முடிந்த நாள். ஆத்தூரிலிருந்து சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வந்த பேருந்து, அத்திப்பள்ளியையும் சந்தாபுராவையும் கடந்து விடியற்காலையில் பொம்மசந்திராவில் நின்றது. இறங்கியவர்களுள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் அவளுடைய தாயும் இருந்தனர். தாயின் கையில் அரிசிப் பை இருந்தது. மகளின் மடியில் வழிநெடுக இருந்தவை, ஈரக் கோணியில் சுற்றப்பட்ட ஆறு செம்பருத்திக் குச்சிகள்.

ஆத்தூருக்கு அருகில் அவளுடைய அம்மாயி வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தி நின்றது. அவளுடைய தாய் பிறந்த ஆண்டில் நட்டது என்பர். சாலையை அகலப்படுத்துவதற்காக வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் அளவுக்கோடு போட்டிருந்தார்கள். செடி கோட்டுக்கு வெளியே இருந்தது.

"அடுத்த முறை நீ வரும்போது இது இருக்காது கண்ணு. போத்து வெட்டித் தருகிறேன்; கொண்டு போய் நட்டு வை" என்று அம்மாயி கூறினார். அரிவாளால் ஆறு துண்டுகளைத் தாமே தேர்ந்தெடுத்து வெட்டினார். பச்சையான இளந்தளிரையும் அவர் தொடவில்லை. கட்டைபோல் முற்றிய அடிக்கிளையையும் தொடவில்லை. எழுதுகோலின் பருமனில் இருந்த நடுத்தரக் கிளைகளை மட்டும் வெட்டினார்.

போத்து என்பது நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு. விதையின்றி, தாய்ச்செடியின் ஓர் உறுப்பைக் கொண்டே புதிய செடியை உண்டாக்கும் முறைகளுள் இதுவே எளியது. மல்லிகையின் கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர்விட்ட பின் வெட்டிப் பிரிப்பது பதியன். ஓசூர்ப் பகுதி ரோஜாத் தோட்டங்களுக்கான கன்றுகள் பெரும்பாலும் மொட்டு ஒட்டு முறையில் உருவாகின்றன. வலிய வேருள்ள ஒரு செடியின் பட்டையைக் கீறி, நல்ல பூ தரும் செடியின் மொட்டை அதனுள் செருகிக் கட்டுவார்கள். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் மிஞ்சிய தண்டை ஒரு குவளை நீரில் நிறுத்தினாலே சில நாளில் வேர் தோன்றும். கறிவேப்பிலைக்கு இவை எளிதில் பலிப்பதில்லை. அதற்கு வேரிலிருந்து பக்கத்தில் முளைக்கும் கன்றோ புதிய விதையோ வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு வழக்கம் உண்டு.

விதையிலிருந்து வளரும் செடி தன் தாயினின்று சற்று வேறுபட்டிருக்கலாம். போத்திலிருந்து வளரும் செடியோ தாயின் பிள்ளையன்று, தாயேதான். அதே நிறம், அதே அடுக்கு, நோய்க்கு அதே வலிமை, பூச்சிக்கு அதே மெலிவு. ஆத்தூர் வாசலில் பூத்த பூவே பொம்மசந்திராவின் மாடியிலும் பூக்கும், வேர் விட்டால்.

வேர் வரும் இடம்

பொம்மசந்திரா பெங்களூருவின் தென்கிழக்கில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தொழிற்பேட்டை. இன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் முடியும் இடமும் அதுவே. ஆலைகளில் முறைப்பணி செய்யும் குடும்பங்கள் அடுக்கடுக்கான வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அங்கே மண் தரை என்பது அரிது. அந்தக் குடும்பத்திற்குக் கிடைத்தது மொட்டை மாடியில், நீர்த்தொட்டியின் நிழல் விழும் ஒரு மூலை. வண்ணம் தீர்ந்த பழைய வாளிகள் பூந்தொட்டிகளாயின. அடியில் துளையிட்டு, ஆற்றுமணலும் ஊறவைத்த தென்னைநார்க் கழிவும் சம அளவில் கலந்து நிரப்பினார்கள். தொடக்கத்தில் உரம் தேவையில்லை. வேரில்லாத குச்சியால் உரத்தை உண்ண இயலாது. ஈரத்தில் கிடக்கும் எரு அழுகலைத்தான் வரவழைக்கும்.

ஒவ்வொரு துண்டும் ஒரு சாண் நீளம். அதில் மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். இலை தோன்றும் இடமே கணு. அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேற்பக்கத்தைக் கணுவுக்குச் சற்று மேலே நேராகவும் வெட்டுவது வழக்கம். சாய்ந்த வெட்டு, எது அடி, எது நுனி என்று நினைவூட்டும் அடையாளமும் ஆகும். அடையாளம் எதற்கு? குச்சியின் மொட்டுகளிலும் தளிர்களிலும் ஆக்சின் என்னும் வளரூக்கி உண்டாகிறது. அது நுனியிலிருந்து அடியை நோக்கியே இறங்கும். வெட்டுண்ட அடியில் அது வந்து தேங்கும்போது, பட்டைக்குக் கீழுள்ள செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. குச்சியைத் தலைகீழாக நட்டாலும் அந்த இறக்கம் மாறுவதில்லை. தேங்கும் இடம் மண்ணுக்கு மேலே நின்றுவிடும்.

மாணவி ஒரு போத்தைத் தலைகீழாகத்தான் நட்டாள். அது வாடியது.

இலைகளைக் கிள்ளியெறிய அவளுக்கு மனம் வரவில்லை. இலையுள்ள குச்சிதானே உயிருள்ளதாகத் தோன்றும்! ஆனால் இலைகள் ஓயாமல் நீரை ஆவியாக வெளியேற்றும். ஈடு செய்ய வேர் இல்லாதபோது, குச்சி தன் சேமிப்பையே இழக்கும். எனவே உச்சியில் ஓரிரு இலைகளை மட்டும், அவற்றையும் பாதியாக வெட்டி விட்டுவைப்பர். அடிப்பகுதி வெட்டிய இரண்டு லிட்டர் நீர்ப்புட்டியைக் கவிழ்த்து மூடினால் உள்ளே காற்று ஈரமாக இருக்கும். நாள்தோறும் சிறிது நேரம் திறந்துவைக்க வேண்டும். நேர்வெயில் கூடாது.

அதன்பின் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமலிருப்பது. அதுவே கடினம். மாணவி நாள்தோறும் காலையில் ஒரு போத்தை மட்டும் மெல்ல இழுத்துப் பார்த்தாள். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்ப்பது, சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்ப்பதைப் போன்றதன்று, அதைவிடக் கெடுதல். முதலில் வெட்டுவாயில் வெண்மையான காயத்திசு தோன்றும். அதையொட்டி நூலினும் மெல்லிய வேர்கள் வரும். ஓர் அசைவில் அவை அறுந்துவிடும். அந்தப் போத்தும் பட்டுப்போயிற்று.

எஞ்சியவை நான்கு. ஆத்தூர் வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடக்கூடியவை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவின் தைமாதக் குளிரில் ஆறு வாரம் எடுத்துக்கொண்டன. மாசி மாதத்தில் நான்கிலும் புதிய தளிர் விரிந்தது. அதே வாரத்தில் ஆத்தூரிலிருந்து செய்தி வந்தது. சுவர் இடிக்கப்பட்டது, வாசற்செடியும் போயிற்று.

வெள்ளைப் பஞ்சு

சித்திரை வெயில் ஏறியபோது தளிர்நுனிகள் சுருண்டன. இலைக்கடியிலும் கணுவிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை படர்ந்தது. விரலால் தேய்த்தால் மஞ்சள்நிறச் சாறு கசிந்தது. அது மாவுப்பூச்சி. உடலின்மேல் மெழுகுப்பொடியைப் பூசிக்கொண்டு, ஊசிபோன்ற வாயைத் தண்டில் செருகிச் சாற்றை உறிஞ்சும் சிற்றுயிர். உண்டு மிகுந்த இனிப்பு நீரைக் கழிவாக வெளியேற்றும். அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கும்.

வீட்டு உரிமையாளர் மாடிக்கு வந்தார். அவருக்கும் அங்கே ரோஜாத் தொட்டிகள் இருந்தன. பூச்சி தம் செடிகளுக்குப் பரவுவதற்குள், ஞாயிற்றுக்கிழமைக்குள், அவற்றை அகற்றிவிடுமாறு கூறிச் சென்றார். அவர் கூறியதில் தவறில்லை. மாவுப்பூச்சியின் குஞ்சுகள் காற்றிலும் பரவும். மனிதரின் ஆடையிலும் ஒட்டிச் செல்லும். 'கடையில் விற்கும் மருந்தை வாங்கி அடித்துவிடலாம்' என்று தந்தை எண்ணினார். 'எறிந்துவிடலாம்' என்று தாய் கூறவில்லை. ஆனால் எடுத்துக் கட்டுவதற்குச் சாக்கு ஒன்றைத் தேடி வைத்தார்.

மாணவி அம்மாயிக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மாயி, செடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. மருந்து அடிக்கட்டுமா?"

"எந்த மருந்து கண்ணு? நம் காட்டு மரவள்ளிக்கு இதே போல வந்தபோது எத்தனை முறை அடித்தோம்! காசுதான் போயிற்று, பூச்சி போகவில்லை. அப்புறம் ஏத்தாப்பூர்ப் பண்ணையில் குளவி விட்டார்கள். கண்ணுக்கே தெரியாத குளவி. அதுதான் அடக்கியது."

"குளவியா? எங்கிருந்து பிடித்தார்கள்?"

"உங்கள் பெங்களூரிலிருந்துதான் கொண்டு வந்தார்களாம். உனக்குத் தெரியாதா?"

(சேலம் வட்டாரத்தில் விளைநிலத்தைக் காடு என்று கூறும் வழக்கம் உண்டு. அம்மாயி கூறிய காட்டில் புலி இல்லை.)

பெங்களூரிலிருந்து சென்ற குளவி

அம்மாயி கூறியது உண்மை. அதற்கு முன்பும் ஒருமுறை அவ்வாறு நிகழ்ந்தது.

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் அதுவரை இந்தியாவில் காணாத ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சி எனப்படும் அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். (கர்நாடகத்தில் பப்பாளியைப் பரங்கி என்பர். தமிழில் பரங்கி என்பது பூசணி இனத்துக் காய். கடைக்குச் சென்ற தமிழ்ப் பிள்ளைகள் இதில் தடுமாறுவதுண்டு.) அப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பல செடிகளுக்குத் தாவியது. மல்பெரி பயிரிட்டோரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. மல்பெரி இலை பட்டுப்புழுவின் உணவு. இலைமேல் நஞ்சு தெளித்தால் பூச்சியோடு பட்டுப்புழுவும் சாகும். தெளிக்காவிட்டால் இலையே இருக்காது. தெளித்த இடங்களிலும் பெரும்பயன் விளையவில்லை. மெழுகுப்பூச்சு நஞ்சை உடலில் படவிடாமல் தடுத்தது. மாறாக, மாவுப்பூச்சியை உண்ணவந்த வேறு பூச்சிகள் மடிந்தன.

தாயகமான மெக்சிகோவில் அதே பூச்சி இவ்வளவு கேடு செய்வதில்லை. இது ஏன் என்பதே அறிவியலார் எழுப்பிய வினா. அங்கே அதனோடு அதன் எதிரிகளும் வாழ்கின்றன. ஒரு செடியோடு கடல் கடந்து பூச்சி வந்துவிட்டது, எதிரி வரவில்லை. கட்டுப்படுத்த யாருமில்லாத ஊரில் அது பெருகியது.

அவ்வெதிரியைத் தேடி வரவழைக்கும் பொறுப்பை ஏற்றது பெங்களூருவிலுள்ள நடுவண் அரசு நிறுவனம் ஒன்று. நகரின் வடபுறம் ஹெப்பாளில் உள்ள அதன் இன்றைய பெயர் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம். 2010ஆம் ஆண்டு, அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியோடு, கரீபியன் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. வந்தவுடன் அவற்றை வெளியே விட்டுவிடவில்லை. அடைத்த ஆய்வகத்தில் வளர்த்து, அவை வேறு உயிர்களைத் தாக்குமா என்று சோதித்தனர். அதன்பின்னரே பெருக்கி, தமிழ்நாட்டின் வயல்களுக்கு அனுப்பினர். மூன்றனுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி நன்கு நிலைபெற்றது.

அக்குளவி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். மனிதரைக் கொட்டாது. பெண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவந்த புழு உள்ளிருந்தே உண்ணும். மாவுப்பூச்சி உப்பி, பழுப்பு நிறமாகி, உலர்ந்த கூடாக மாறும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் அக்கூட்டில் வட்டத்துளை இட்டுப் புதிய குளவி பறந்து வெளிவரும். உழவர் எவரும் காசு கொடுக்காமல், அடுத்த வயலுக்கும் அது தானே செல்லும். அடுத்த ஆண்டில் பப்பாளி மாவுப்பூச்சியின் கொடுமை பெரிதும் தணிந்தது.

மரவள்ளியின் கதை அதனினும் நீளமானது. மூன்று கண்டங்களைத் தொடுவது. மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். அதைப் போத்துகளாக நடுவர். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று பல கோடி மக்களின் அன்றாட உணவாயிற்று. 1970களில் ஆப்பிரிக்க வயல்களில் மரவள்ளி மாவுப்பூச்சி தோன்றி விளைச்சலை அழித்தது. நைஜீரியாவின் இபாதான் நகரில் இயங்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் அதன் எதிரியைத் தேடும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1981ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஒரு சிறு குளவி கிடைத்தது. அனகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அது விடப்பட்டு மரவள்ளியைக் காத்தது. ஹெரனுக்கு 1995ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அந்த மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டது. பின்னர்ச் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளியைத் தாக்கியது. சவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பயிரிடும் மாவட்டங்கள் அவை. முன்பு ஆப்பிரிக்காவைக் காத்த அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து பெங்களூருப் பணியகம் தருவித்தது. 2022 மார்ச் மாதத்தில், ஆத்தூருக்கு அருகிலுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது. அம்மாயி கேள்விப்பட்ட குளவி இதுவே. பராகுவேயில் பிறந்த இனம், ஆப்பிரிக்காவையும் பெங்களூருவையும் கடந்து சேலத்து மரவள்ளிக் காட்டில் குடியேறியது.

தெரிந்துகொள்க

இவ்வழி புதிதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியச் செதிற்பூச்சி ஒன்று அழித்தது. 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, அப்பூச்சியை உண்ணும் சிறு பொறிவண்டை அனுப்பிவைத்தார்; தோட்டங்கள் பிழைத்தன. அதே செதிற்பூச்சி 1920களின் இறுதியில் நீலகிரியில், தோல் பதனிடப் பட்டை தரும் ஆஸ்திரேலியச் சீகை மரங்களில் தோன்றியது. அங்கும் அதே பொறிவண்டே வரவழைக்கப்பட்டது.

மாடியில் பதினைந்து நாள்

தந்தை வீட்டு உரிமையாளரிடம் பேசி இரண்டு வாரத் தவணை பெற்றார். நான்கு வாளிகளும் ரோஜாத் தொட்டிகளிலிருந்து விலக்கப்பட்டு, மாடியின் மறுகோடிக்குச் சென்றன. இதுவே முதற்பணி. எத்துணைச் சிறந்த மருந்தும் இதற்குப் பின்னரே.

மிகவும் சுருண்ட நுனிகளை வெட்டி, நெகிழிப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினார்கள். குப்பைத்தொட்டியில் திறந்தபடி எறிந்தால் பூச்சி அடுத்த வீட்டுக்கு நடந்து செல்லும். எஞ்சிய தண்டுகளை மாணவி பழைய பல்துலக்கியால் மெல்லத் துலக்கினாள். இலைகளின் அடிப்பக்கத்தில் நீரை விசையோடு பீய்ச்சினாள். மெழுகுப்பொடி கலைந்தபின் தெளிப்பதே பயன் தரும்.

தெளித்தது வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெய். எண்ணெயும் நீரும் கலப்பதற்காகச் சில துளி சோப்புக் கரைசல். கலந்தவுடன் பயன்படுத்த வேண்டும். மறுநாளுக்கு வைத்திருத்தல் ஆகாது. முதலில் ஓரிலையில் தெளித்து, ஒருநாள் பொறுத்து, இலை கருகவில்லை என்று கண்ட பிறகு மாலை வேளையில் முழுச் செடிக்கும் தெளித்தாள். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. அதன் பசியைக் கெடுக்கும். தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். எனவே மறுநாளே பூச்சிகள் உதிரவில்லை என்று மேலும் மேலும் தெளிப்பது வீண். வாரத்திற்கு ஒருமுறை போதும். வேம்பைக் கன்னடத்தில் பேவு என்பர். தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இயற்கையானது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதையும் இங்கே கூற வேண்டும். புகையிலையை ஊறவைத்த நீர் பழங்காலத்திலிருந்து பூச்சிகொல்லியாகப் பயன்படுகிறது. அதிலுள்ள நிகோடின் மனிதர்க்கும் கொடிய நஞ்சு. தோல் வழியாகவே உடலில் ஏறும். பிள்ளைகள் அதைத் தொடுதல் கூடாது. வேப்பெண்ணெயும் நன்மை செய்யும் சிறு பூச்சிகளின்மேல் நேராகப் படுவது நல்லதன்று. அதனால்தான் வாரம் ஒருமுறை, மாலையில், தேவையான இடத்தில் மட்டும் தெளிப்பது முறை.

முதல் வாரம் கழிந்தது. பூச்சி குறைந்தது, ஒழியவில்லை. இரண்டு வாளிகளில் மட்டும் மீண்டும் மீண்டும் தோன்றியது. மாணவி உற்று நோக்கினாள். அவ்விரு வாளிகளும் சுவரை ஒட்டி இருந்தன. சுவரிலிருந்து கட்டெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எறும்பு மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவை விரும்பி உண்ணும். அதற்கு ஈடாக மாவுப்பூச்சியை நெருங்கும் எதிரிகளைக் கடித்து விரட்டும். ஆடு மேய்ப்பவர் ஓநாயை விரட்டுவது போல. எறும்பு உள்ளவரை எந்தக் குளவியும் நெருங்காது. வாளிகளைச் சுவரிலிருந்து நகர்த்தி, ஒவ்வொன்றையும் நீர் நிரம்பிய தட்டின் நடுவே ஒரு செங்கல்லின்மேல் வைத்தார்கள். எறும்பு வரிசை நீரின் கரையில் நின்றது. தேங்கிய நீரில் கொசு முட்டையிடாதவாறு இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்நீரை மாற்றினார்கள்.

பத்தாம் நாள் மற்றொன்று தென்பட்டது. முன்னிருந்தவற்றைவிடப் பெரிய மாவுப்பூச்சி. உடலெங்கும் நீண்ட வெண்பஞ்சு இழைகள். மாணவி பல்துலக்கியை எடுத்தாள். அதற்குள் அது விரைந்து ஓடி, ஒரு சிறிய மாவுப்பூச்சியைக் கவ்வியது. மாவுப்பூச்சி அவ்வளவு விரைவாக ஓடுவதில்லை, மற்றொன்றைத் தின்பதுமில்லை. அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்ட இனம் அது. தன் இரையைப் போலவே வேடம் பூண்டு அதன் நடுவே உலவும். ஊரெங்கும் தோட்டக்காரர்கள் மாவுப்பூச்சி என்று எண்ணி நசுக்குவது பல நேரங்களில் இப்புழுவைத்தான். பல்துலக்கி கீழே வைக்கப்பட்டது. அந்த வாரம் வேப்பெண்ணெய் தெளிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் வீட்டு உரிமையாளர் வந்தார். இலைகளைத் திருப்பிப் பார்த்தார். வெண்மை முற்றிலும் போய்விடவில்லை, ஆங்காங்கே இருந்தது. ஒரு கணுவில் பழுப்பு நிறத்தில் உப்பி உலர்ந்த கூடுகள் நான்கைந்து ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போன்ற வட்டத்துளை. மாணவி அவற்றைக் காட்டி, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் குளவியைப் பற்றிக் கூறினாள். யாரும் கொண்டுவந்து விடாமல், எங்கிருந்தோ தானே மாடிக்கு வந்த குளவி. அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். வாளிகளை அகற்றுவதைப் பற்றி அவர் மீண்டும் பேசவில்லை. அந்த இலைகளை வெட்டி எறியாமல், தம் ரோஜாத் தொட்டிகளில் மாவுப்பூச்சி இருந்த இடத்திற்கு அருகே ஒன்றைக் கட்டித் தருமாறு கேட்டார்.

ஆடியில் முதல் மொட்டு விரிந்தது. ஐந்து இதழ், அடர்சிவப்பு, ஆத்தூர் வாசலில் பூத்த அதே பூ. தாய் அதைப் படம் எடுத்து அம்மாயிக்கு அனுப்பினார். அம்மாயிக்கு அந்தப் படத்தைத் திறந்துகாட்டப் பக்கத்து வீட்டுப் பையன் வர வேண்டியிருந்ததால், மறுமொழி வர மாலையாயிற்று.

"உன் அம்மா தலையில் வைத்துப் பள்ளிக்கூடம் போன பூ கண்ணு இது. கிளை முற்றியதும் இங்கே ஒரு போத்து கொண்டு வா. பின்புறம் கிணற்றடியில் இடம் இருக்கிறது."

அடுத்த தைமாதம், பேருந்துக்குப் புறப்படுவதற்கு முன்னால், மாணவி மூன்று போத்துகளை வெட்டினாள். அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினாள். கோணியை நனைப்பதற்கு முன், வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கணுவையும் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் கணுவில் வெண்மை இருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் சுற்றினாள்.

சொல்லும் பொருளும்

போத்து – நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு
பதியன் – தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலே மண்ணில் புதைத்து வேர்விடச் செய்த கிளை
கணு – தண்டில் இலை தோன்றும் இடம்
ஒட்டுண்ணி – பிறிதோர் உயிரின் உடலைச் சார்ந்து வாழும் உயிர்
தவணை – ஒன்றைச் செய்து முடிக்கக் கொடுத்த கால எல்லை
அம்மாயி – தாயைப் பெற்றவர் (வட்டார வழக்கு)

பயிற்சி

1. போத்தின் இலைகளைக் குறைப்பது ஏன்?
2. மெக்சிகோவில் பெருந்தீங்கு செய்யாத மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் பெருகியதற்குக் காரணம் யாது?
3. 'எறும்பு உள்ளவரை எந்தக் குளவியும் நெருங்காது' – இத்தொடரை விளக்குக.
4. வரவழைத்த குளவிகளை உடனே வயலில் விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.
5. வேம்பு – பேவு என்பது போல, தமிழில் வகரத்திலும் கன்னடத்தில் பகரத்திலும் தொடங்கும் சொல் இணைகள் மூன்றினை எழுதுக.
6. வீட்டில் கேட்டறிக: உங்கள் சொந்த ஊரில் போத்து, பதியன் ஆகியவற்றை எச்சொற்களால் குறிப்பிடுகிறார்கள்? உங்கள் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்து வளர்த்த செடி ஏதேனும் உண்டா? அதைக் கொடுத்தவர் யார் என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.